இறக்கத்தில் நியூட்ரல்

செகந்திராபாத் திருமுல்கேரியில் எங்கள் தெருவின் மூன்றாவது வீட்டில் வசிக்கும் திரு. கிதியோன் அவர்களுக்கு வயது ஐம்பத்தெட்டு. அதில் முப்பத்தாறு ஆண்டுகளை அவர் ஓட்டுநர் இருக்கையில் கழித்திருக்கிறார். எஞ்சிய நேரத்தின் பெரும்பகுதியை அந்த முப்பத்தாறு ஆண்டுகளைப் பற்றிப் பேசுவதில் கழித்திருக்கிறார். அவருடைய பாட்டனார் பாளையங்கோட்டையிலிருந்து பட்டாளத்துச் சமையற்காரராகச் செகந்திராபாத் வந்து சேர்ந்தவர். குடும்பம் ஊர் மாறியதே தவிரப் பேச்சு மாறவில்லை. சண்டைக்கு மட்டும் சில தக்கணி உருதுச் சொற்களைச் சேர்த்துக்கொண்டது.

கடந்த இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கிதியோன், வேணுகோபால் என்பவரிடம் ஓட்டுநர். வேணுகோபாலின் முன்னோர் வேலூர்க்காரர்கள். நாள்தோறும் காலையில் போவன்பள்ளி மொத்தச் சந்தையில் காய்கறி எடுத்து, மௌலா அலி வரையிலுள்ள மெஸ்களுக்கும் மாணவர் விடுதிகளுக்கும் கொடுப்பது அவர் தொழில். கத்திரிக்காய் எடுப்பது வேணுகோபாலின் பொறுப்பு. அது நசுங்காமல் போய்ச் சேர்வது கிதியோனின் பொறுப்பு. சந்தையில் இருவருக்கும் மதிப்பு உண்டு. கிதியோனுக்குச் சற்று அதிகமாகவே உண்டு என்பது கிதியோனின் கருத்து.

அந்த மதிப்புக்குக் காரணம் ஒன்றுதான்: நியூட்ரல். வண்டி மேட்டின் உச்சியை அடைந்தவுடன் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உறவை அறுத்துவிட்டு, இறக்கம் முடியும்வரை சும்மா உருட்டிக்கொண்டு போவது போவன்பள்ளி ஓட்டுநர்களிடையே டீசலை மிச்சப்படுத்தும் வழக்கம். மற்றவர்கள் அதை ஒரு பழக்கமாகச் செய்தார்கள். கிதியோன் அதை ஒரு துறையாக வளர்த்தார். நகரத்தின் மேடு பள்ளங்களை நில அளவைத் துறையினர் கருவி வைத்துக் கண்டறிவர். கிதியோன் நியூட்ரல் வைத்துக் கண்டறிந்தார். எந்தத் தெரு கண்ணுக்குச் சமமாகத் தோன்றினாலும் உண்மையில் சரிகிறது, எந்த வேகத்தடைக்கு முன்னால் எத்தனை கிலோமீட்டர் வேகம் இருந்தால் அதைத் தாண்டியும் உருளலாம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மௌலா அலி செல்லும் வழியிலுள்ள ரயில் மேம்பாலத்தின் உச்சியில் நியூட்ரல் போட்டால் மெஸ் வாசலில் வந்து வண்டி தானாக நிற்கும். பிரேக்கைத் தொட வேண்டியதில்லை. குறுக்கே ஆட்டோ எதுவும் வராதிருந்தால் போதும். ஹைதராபாத்தில் குறுக்கே ஆட்டோ வராமல் இருப்பது எவ்வளவு எளிது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

வேணுகோபாலுக்கு இதில் அளவற்ற பெருமை. வியாபாரிகள் சங்கக் கூட்டங்களில் அவர் எழுந்தால் நியூட்ரலைப் பற்றிப் பேசாமல் உட்கார்ந்ததில்லை. "என் டிரைவரு டீசல மோந்து பாத்துட்டே வண்டி ஓட்டுவான். நான் சொல்லிக் கொடுத்தது" என்பார். சொல்லிக் கொடுத்தவர் யார் என்பதில் கிதியோனுக்கு வேறு நினைவு உண்டு. ஆனால் அதைச் சங்கக் கூட்டத்தில் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. வீட்டில் மட்டும் சொல்வார்.

சென்ற ஆண்டு வேணுகோபாலுக்கு முழங்கால் மாற்று அறுவை நடந்தது. வீட்டில் படுத்திருந்த நாட்களில் மனிதர்கள் பலவிதமான முடிவுகளை எடுக்கிறார்கள். வேணுகோபால் ஒரு புதிய பிக்-அப் வாங்குவது என்று முடிவெடுத்தார். முன்னால் காரைப் போல நான்கு கதவு, பின்னால் சரக்குத் தொட்டி, கியர் முழுவதும் ஆட்டோமேட்டிக். "காலு சரியாச்சுன்னா நானே ஓட்டலாம் பாரு" என்றார். கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் அவருடைய மகள் அக்ஷதா அதை ஆமோதித்தாள். வண்டியை ஓட்டப் போகிறவரிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மாப்பிள்ளையைக் கேட்டா மண்டபம் பிடிக்கிறார்கள்?

வண்டி வந்த அன்று கிதியோன் கதவைத் திறந்து, குனிந்து, கால் வைக்கும் இடத்தை நெடுநேரம் பார்த்தார். இரண்டே மிதிகள் இருந்தன.

"மொதலாளி, கிளட்ச்ச எங்க கழட்டி வச்சிருக்கானுவ?"

"அது இல்லடா. அதான் ஆட்டோமேட்டிக். உனுக்கு எடது காலுக்கு ரெஸ்ட்டு."

"ரெஸ்ட்டு நான் கேக்கலையே."

வண்டியைக் கொண்டுவந்து ஒப்படைத்த இளைஞர் அரை மணி நேரம் விளக்கினார். பி என்றால் நிறுத்தி வைப்பது, ஆர் என்றால் பின்னோக்கி, என் என்றால் நியூட்ரல், டி என்றால் ஓட்டம். ஓடும்போது என்-னில் போடக்கூடாது என்று அவர் இரண்டு முறை சொன்னார். வேணுகோபால் தலையாட்டினார், கிதியோனும் தலையாட்டினார். இருவரும் அப்போது புதிய இருக்கை உறையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாள் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்வது நாகரிகம். சந்தை வாயிலில் ஹமாலி எனப்படும் சுமைகூலி ஒருவர் தலைச்சுமையுடன் குறுக்கே வந்தார். கிதியோனின் வலது கால் முறைப்படி பிரேக்கைத் தொட்டது. இடது காலும், முப்பத்தாறு ஆண்டுக் கடமை உணர்ச்சியுடன், கிளட்ச்சை அழுத்த எழுந்தது. கிளட்ச் இல்லாத இடத்தில் அகலமான பிரேக் மிதியின் மறுபாதி இருந்தது. கிளட்ச்சை அழுத்தும் வேகத்தில் பிரேக்கை அழுத்தினால் வண்டி நிற்பதில்லை, அறைகிறது. வேணுகோபால் தம்முடைய நெற்றியால் முன்பலகையின் உறுதியைச் சோதித்தார். பின்னால் பதினான்கு பெட்டித் தக்காளி ஒன்றன்மீது ஒன்றாகச் சரிந்தது. அன்று மூன்று மெஸ்களில் தக்காளித் தொக்கு சிறப்பு உணவாகப் பரிமாறப்பட்டது.

"கிதியோனு, இன்னாடா இது?" என்றார் வேணுகோபால், நெற்றியைத் தேய்த்தபடி.

"காலு கேக்க மாட்டுக்கு மொதலாளி."

"அத மடிச்சி சீட்டுக்கு அடியில வெய்யி. இல்லாட்டி வூட்ல வெச்சிட்டு வா."

இடது காலைப் பின்னால் மடித்து வைக்க அவர் பழகிக்கொண்டார். ஆனால் புதிய கியர் பாக்ஸின் ஒழுக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால், ஆக்ஸிலேட்டரைத் தொடாமலேயே வண்டி மெல்ல நகர்ந்தது. தாம் கட்டளையிடாமல் நகரும் எதையும் அவர் நம்பியதில்லை. கியர் மாறுவது காதில் விழவில்லை. முன்பெல்லாம் இஞ்சின் கதறும். அந்தக் கதறல் எந்தச் சுருதியை அடைந்ததும் கியரை மாற்ற வேண்டும் என்பது ஓட்டுநருக்கும் இஞ்சினுக்கும் இடையிலான அந்தரங்கம். இந்த வண்டியோ கதறுவதற்கு முன்பே மாற்றிக்கொண்டது. நாற்பதைத் தொடுவதற்குள் நான்காவது கியர். முன்னால் போகும் லாரியை முந்தலாம் என்று ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது. அரசு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்ததைப் போன்ற அமைதி நிலவும். பிறகு திடீரென்று இரண்டு கியர் கீழே இறங்கி, உறுமிக்கொண்டு பாயும். அதற்குள் முந்த வேண்டிய தேவை போயிருக்கும்.

இவற்றை எல்லாம் அவர் தம்முடைய மனைவி ஆக்னஸிடம் ஒவ்வொரு மாலையும் தெரிவித்தார். ஆக்னஸ் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். வலியுடன் வருபவர்களைக் காத்திருக்க வைத்தே பழகியவர்.

"அது நீங்க சொல்லாமலே எல்லாத்தையும் செய்யுதுன்னா அதுல ஒங்களுக்கு என்ன கஷ்டம்? வீட்டுல நானும் அப்படித்தான செய்யுதேன்? ஒரு நாளாவது குத்தம் சொல்லியிருக்கீங்களா?"

"ஒன்கிட்ட கியர் இல்ல."

"அதான் ஒங்களுக்குத் தெரியல."

இரண்டாம் வாரத்தில் உதை தொடங்கியது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி சில இடங்களில், யாரோ பின்னாலிருந்து காலால் எற்றியதைப் போல, 'தட்' என்று குலுங்கியது. கிதியோனின் முகத்தில் அன்று முதல் ஒரு தெளிவு ஏற்பட்டது. தம்முடைய ஐயங்கள் யாவும் நியாயமானவை என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. "பாக்ஸ் ஒதைக்கி மொதலாளி. உள்ள என்னமோ ஒடஞ்சிருக்கு. நம்ம தலையில கட்டிட்டானுவ" என்று வேணுகோபாலிடம் அறிவித்தார். சந்தைத் தேநீர்க் கடையில் அதைவிட விரிவாக அறிவித்தார். ஒரு வாரத்திற்குள், வேணுகோபால் ஓட்டை வண்டி வாங்கி ஏமாந்தார் என்ற செய்தி வெங்காயப் பகுதியிலிருந்து எலுமிச்சைப் பகுதி வரை பரவியது. வேணுகோபாலுக்கு அது முழங்காலை விட அதிகமாக வலித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்ஷதா அதே வண்டியை எடுத்துக்கொண்டு தோழியின் திருமணத்திற்குப் போய்வந்தாள். திரும்பி வந்ததும் தந்தையும் கிதியோனும் வாசலிலேயே அவளை நிறுத்தினார்கள்.

"ஒதச்சுதாம்மா?" என்றார் கிதியோன், ஆவலுடன்.

"நோ அங்கிள். ஏமி லேது. ஜஸ்ட் டி-ல வெச்சேன், போயிட்டே இருந்துச்சு. பட்டர் மாதிரி."

"எங்கயுமே ஒதைக்கலியா?"

"ஒன்ஸ் கூட இல்ல. நடுவுல ஒரு தடவ மட்டும் பின்னாடி ஒரு முருங்கக்கா உருண்டுச்சு. அது கியர் பாக்ஸா?"

வேணுகோபால் தீர்ப்பளித்தார்.

"சனிக்கெழம மெக்கானிக் ரஹீம் பாய வரச் சொல்றேன். அவரு கூட ஒக்காந்து பாக்கட்டும். பாக்ஸ்ல கோளாறுன்னா கம்பெனிக்கு அனுப்பலாம். பாக்ஸ்ல இல்லன்னா அப்பறம் கோளாறு சீட்ல ஒக்காந்துகீதுன்னு அர்த்தம். அக்ஷதாவுக்குப் பத்து மணிக்கு மேலதான் வேல, அதுவும் வூட்லருந்தே. காலைல அவ ஓட்டட்டும். நீ பக்கத்துல குந்திகினு லோடு பாத்துக்க. சம்பளம் அதேதான்."

சம்பளம் அதே என்பது கருணையாகச் சொல்லப்பட்டது. கிதியோனுக்கு அது காதில் விழவில்லை. போவன்பள்ளிச் சந்தைக்குள், இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தம்மைப் பார்த்து வழிவிட்ட ஹமாலிகளின் முன்னால், பட்டர் மாதிரி ஓட்டும் ஒரு பெண்ணின் பக்கத்து இருக்கையில், மடியில் முருங்கைக்காய்க் கட்டுடன் அமர்ந்து செல்லும் காட்சியே அவருக்குத் தெரிந்தது. ஓட்டுநர் இருக்கை போய்விட்டால் எஞ்சும் கிதியோன் யார் என்பது அவருக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை வந்த அப்துல் ரஹீம், ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்களை மட்டுமே பழுதுபார்க்கும் மெக்கானிக். லால் பஜாரில் தமிழர்களின் நடுவே வளர்ந்தவர். தமிழில் ஆரம்பித்துத் தக்கணியில் முடிப்பார். ஓட்டுநர்களை 'உஸ்தாத்' என்று அழைப்பார். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்பது வண்டியின் நிலையைப் பொறுத்தது. முதலில் கையடக்கக் கணினியை வண்டியுடன் இணைத்துப் பார்த்தார். எண்ணெயைத் தொட்டு முகர்ந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை.

"உஸ்தாத், இறக்கத்துல நியூட்ரல் பண்றீங்களா?"

கிதியோன் இதற்குச் சினந்தார். "நக்கோ பாய், இல்லவே இல்ல. இந்த வண்டியில போடப்படாதுன்னு அன்னைக்கே சொல்லிட்டானுவ. வந்த நாள்லேந்து அந்த லிவர் பக்கம் என் கை போவவே இல்ல. ஆண்டவர் சாட்சியா சொல்லுதேன்."

திருச்சபைக் குழுவில் உறுப்பினராக இருப்பவர் ஆண்டவரைச் சாட்சிக்கு அழைப்பது சாதாரண செயலன்று. வேணுகோபால் கூடச் சற்று அசைந்தார். ரஹீம் மட்டும், "அச்சா. அப்ப போய்ப் பாப்போம்" என்று தம் கைப்பேசியில் காணொளியை ஓடவிட்டு, அதை முன்பலகையில் லிவரைப் பார்த்தவாறு செருகி வைத்தார்.

மூவரும் சந்தையிலிருந்து சரக்குடன் புறப்பட்டார்கள். கிதியோன் ஓட்டினார், ரஹீம் பக்கத்தில், வேணுகோபால் பின்னிருக்கையில் காலை நீட்டியபடி. ரயில் மேம்பாலம் ஏறியது. இறங்கியது. பாலத்தின் அடியில், கிதியோன் எதிர்பார்த்தபடியே, 'தட்'.

"பாத்தீங்களா? பாத்தீங்களா மொதலாளி? நான் சொன்னா யாரு நம்புதா?" என்று அவர் ஏறத்தாழ மகிழ்ச்சியுடன் கூவினார்.

"ஹவ் ஹவ், பாத்தேன். ஓரமா நிறுத்துங்க உஸ்தாத்."

ரஹீம் கைப்பேசியை எடுத்துக் காணொளியைக் காட்டினார். அதில் பாலத்தின் உச்சி தெரியவில்லை. லிவர் மட்டும் தெரிந்தது. சற்று நேரம் ஒன்றும் நிகழவில்லை. ரஹீமின் பக்கத்திலிருந்து யாருடைய கையும் வரவில்லை. பிறகு ஓட்டுநர் பக்கத்திலிருந்து ஓர் இடது கை, தூக்கத்தில் கொசுவை விரட்டுவதைப் போல நிதானமாக வந்து, லிவரை டி-யிலிருந்து என்-னுக்குத் தள்ளிவிட்டு, அதன் தலையில் செல்லமாக ஒரு தட்டும் தட்டிவிட்டு மறைந்தது. நாற்பது விநாடிகளுக்குப் பின் மீண்டும் வந்து, டி-க்கு இழுத்தது. அந்தக் கணத்தில் கைப்பேசியே குலுங்கியது.

கிதியோன் அதை மூன்று முறை பார்த்தார்.

"இது என் கை இல்ல" என்றார்.

"வாட்ச்சு?" என்றார் வேணுகோபால்.

"வாட்ச்சு என்னோடதுதான்."

ரஹீம் விளக்கினார். ஐம்பதில் உருளும் வண்டியில் இஞ்சின் மட்டும் சோம்பலாக ஓடிக்கொண்டிருக்கையில் திடீரென்று டி-யில் போட்டால், சக்கரத்தின் வேகமும் இஞ்சினின் வேகமும் ஒன்றையொன்று அறியாமல் மோதுகின்றன. இடையில் மாட்டிக்கொள்ளும் கியர் பாக்ஸ் உதைக்கிறது. "அது உங்கள உதைக்கல உஸ்தாத். நீங்க அத உதைக்கிறீங்க. ஆறு மாசம் இப்படியே பண்ணா பாக்ஸ் கதம்."

கிதியோன் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வருந்தத்தக்கது. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. இறக்கம் வந்ததும் அந்தக் கை அவரைக் கேட்காமலேயே சென்று வேலையை முடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. ஆட்டோமேட்டிக் என்பது கியர் பாக்ஸில் மட்டும் இல்லை என்பதை அன்று மூவரும் அறிந்தார்கள். அறிந்து பயனில்லை. கிதியோன் மெஸ்ஸில் சரக்கை இறக்கிவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்பே சாவியை வேணுகோபாலின் கையில் வைத்தார்.

திங்களன்று அக்ஷதா ஓட்டினாள். கிதியோன் பக்கத்தில் அமர்ந்தார். சந்தை வாயிலில் ஒரு ஹமாலி குனிந்து ஓட்டுநர் பக்கம் பார்த்தார், பிறகு மறுபக்கம் பார்த்தார், "ஏமன்னா, பிரமோஷனா?" என்றார். தேநீர்க் கடையில் அதுவே அந்த வாரத்தின் பேச்சானது. அக்ஷதா நல்ல பெண், ஓட்டத்திலும் குறையில்லை. ஆனால் சந்தைக்குள் அவள் மற்றவர்களுக்கு வழிவிட்டாள். போவன்பள்ளியில் வழிவிடத் தொடங்குபவர் அதை முடிக்க முடியாது. செவ்வாயன்று நான்கு லாரிகள், ஏழு டிராலிகள், ஒரு மாடு ஆகியவற்றிற்கு வழிவிட்டு முடித்தபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது.

அன்று மாலை கிதியோன் கூடத்தின் நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்து, பக்கத்தில் ஒரு முக்காலியில் தண்ணீர்ச் செம்பை வைத்தார்.

"இந்தச் செம்புதான் லிவர்னு வச்சுக்க. நான் கண்ண மூடிக்கிட்டு மனசுக்குள்ள வண்டிய ஓட்டுதேன். என் கை அதுல பட்டா சொல்லு" என்றார் ஆக்னஸிடம்.

"சொன்னா போதுமா?" என்று ஆக்னஸ் அன்றைய செய்தித்தாளைச் சுருட்டிக்கொண்டார். "முப்பது வருசமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். ஓட்டுங்க."

கிதியோன் கண்ணை மூடி, சந்தையிலிருந்து புறப்பட்டார். வாயால் சொல்லிக்கொண்டே போனார்: சிக்னல், பேருந்து நிறுத்தம், பட்டாளத்துச் சுவர், வளைவு. "பாலம் ஏறுது... ஏறுது... உச்சி." கை கிளம்பியது. செய்தித்தாள் இறங்கியது.

"ஏட்டி, மெல்ல!"

"மெல்ல அடிச்சா கைக்குத் தெரியாது. மறுபடி சந்தையிலேருந்து வாங்க."

அன்று அவர் பதினொரு முறை மௌலா அலி சென்றார். புதனன்றும் சென்றார். வியாழனன்று ஆக்னஸ் செய்தித்தாளை மாற்றிவிட்டு, கனமான ஞாயிற்றுக்கிழமை இதழைத் தேடி எடுத்துக்கொண்டார். அன்றைய கடைசிச் சுற்றில் "உச்சி" என்று சொன்னபோது கை தொடையிலேயே கிடந்தது. விரல்கள் மட்டும் சற்றுத் துடித்தன. ஆக்னஸ் ஏமாற்றத்துடன் இதழைக் கீழே வைத்தார்.

வெள்ளியன்று கிதியோன் வேணுகோபாலிடம் போய், தமக்கு ஒரே ஒரு ஓட்டம் வேண்டும் என்றார். "அதே பாதை, அதே லோடு. ரஹீம் பாய் வரட்டும். போனும் ஓடட்டும். என் கை போச்சுன்னா அப்புறம் நான் சீட்டக் கேக்கவே மாட்டேன்." வேணுகோபால் யோசித்தார். நான்கு நாட்களாகக் கீரை வாடிப் போய்ச் சேருவதாக மெஸ்களிலிருந்து தொலைபேசி வந்துகொண்டிருந்தது. சம்மதித்தார்.

சனிக்கிழமை அதே மூவர், அதே இருக்கைகள். பின்னால் பன்னிரண்டு கட்டுக் கீரை, எட்டு மூட்டை உருளை. வண்டி பாலம் ஏறியது. உச்சியில் கிதியோனின் இடது தோள் லேசாக உயர்ந்தது. "நக்கோ" என்றார் அவர், தம் கையிடம். கை ஸ்டீயரிங்கிலேயே நின்றது.

அதன்பின் நிகழ்ந்ததை அவர் எதிர்பார்க்கவில்லை. இறக்கத்தில் பிரேக்கை ஒருமுறை தொட்டார். கியர் பாக்ஸ் தானாகவே ஒரு கியர் கீழே இறங்கியது. இஞ்சின் சற்றுக் குரல் உயர்த்தி, வண்டியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டது. உருளை மூட்டைகளின் கனம் முதுகில் தள்ளவில்லை. வண்டி கயிற்றில் கட்டி இறக்கப்படுவதைப் போல இறங்கியது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தப் பாலத்தில் அவர் விழுந்துகொண்டிருந்தார், இன்றுதான் இறங்கினார்.

"சட்டயப் புடிச்சு இழுத்து வச்ச மாதிரி இருக்கே பாய்."

"ஹவ். இப்ப அந்தக் கோட்டப் பாருங்க" என்று ரஹீம் முன்பலகையிலிருந்த ஒரு சிறிய பட்டையைக் காட்டினார். அந்தந்த நொடியில் எவ்வளவு டீசல் செலவாகிறது என்று காட்டும் பட்டை அது. முழுவதும் காலியாக இருந்தது. "கியர்ல இருக்கும்போது ஆக்ஸிலேட்டர்லேந்து கால எடுத்தா டீசல் சுத்தமா பந்த். சக்கரம்தான் இஞ்சினச் சுத்துது. நியூட்ரல்ல போட்டா சக்கரத்துக்கும் இஞ்சினுக்கும் தொடர்பு போச்சு. அப்ப இஞ்சின் அணையாம இருக்க டீசல் குடிச்சே ஆகணும். நியூட்ரல்லதான் உஸ்தாத் செலவு."

ஒருவருடைய வாழ்நாள் சாதனையை மூன்றே சொற்களில் முடித்துவைக்க மெக்கானிக்குகளால் மட்டுமே முடியும். கிதியோன் அந்தக் காலியான பட்டையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

"பழைய வண்டியிலயுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அதுலயும்தான்."

பின்னிருக்கையிலிருந்து வேணுகோபால் வெடித்தார். "சும்மா கத உடாதீங்க பாய். மீட்டரு பொய் சொல்லுது. இருவத்திரண்டு வருசமா நான் இன்னா முட்டாளா? சங்கத்துல இன்னான்னு சொல்லுவேன்? கிதியோனு, முன்னால லெஃப்ட்ல ஒரு எறக்கம் வருது இல்ல, அங்க நியூட்ரல் போடு. எது கம்மியா குடிக்கிதுன்னு பாத்துடலாம்."

"வேணாம் மொதலாளி. ஒதைக்கும்."

"மெதுவா போடு, ஒதைக்காது. நான் சொல்றேன் போடு."

"போட மாட்டேன்."

"இன்னாடா சொன்ன?"

"போட மாட்டேன்னு சொல்லுதேன். போன வாரம் நியூட்ரல் போட்டேன்னு சீட்டப் புடுங்குனீங்க. இந்த வாரம் போடலன்னு புடுங்கப் போறீங்களா?"

"வண்டி என்னோடது. போடு, இல்லாட்டி எறங்கு."

கிதியோன் எந்தக் குலுக்கலும் இல்லாமல் வண்டியை ஓரங்கட்டினார். கை பிரேக்கை இழுத்தார், பி-யில் போட்டார், இஞ்சினை அணைத்து, சாவியை உருவி, தோளுக்கு மேலே பின்னால் நீட்டினார்.

"எறங்குதேன். நீங்க இப்படி வாங்க. நீங்களே போட்டு நீங்களே ஒத வாங்கிக்கிடுங்க."

வேணுகோபால் சாவியைப் பார்த்தார். பிறகு நீட்டி வைத்திருந்த தம் முழங்காலைப் பார்த்தார். இன்னும் ஆறு வாரத்திற்கு அது எந்த மிதியையும் தொடக் கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. கடைசி நம்பிக்கையாக ரஹீமின் முதுகைப் பார்த்தார்.

"நக்கோ சேட். நான் வண்டி ரிப்பேர்தான் பண்ணுவேன். சண்டைல ஓட்ட மாட்டேன்" என்றது முதுகு.

வெயில் ஏறியது. இஞ்சின் நின்றதால் குளிர்சாதனமும் நின்றுபோயிருந்தது. பின்னால் பன்னிரண்டு கட்டுக் கீரை, முதலாளி எவர், ஓட்டுநர் எவர் என்பதில் அக்கறையின்றி வாடத் தொடங்கியது. மெஸ்ஸிலிருந்து தொலைபேசி அடித்தது. வேணுகோபால் அதை எடுக்கவில்லை.

"செரி, ஓட்டு" என்றார் கடைசியில், சன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

கிதியோன் சாவியை நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. "எதுல மொதலாளி? எறக்கத்துல டி-யா, என்-னா?"

"எதுலயோ ஓட்டித் தொல."

"எதுலயோன்னா நக்கோ. நாளைக்கி அப்புறம் பேச்சு மாறும். ரஹீம் பாய் இருக்காரு, சாட்சியா சொல்லுங்க. நாளையிலேருந்து யாரு ஓட்டுதா, எதுல ஓட்டுதா?"

ரஹீம் மிகுந்த உதவி மனப்பான்மையுடன் கைப்பேசியைப் பின்னிருக்கையை நோக்கித் திருப்பி வைத்தார். காணொளி ஓடிக்கொண்டிருந்தது.

வேணுகோபால் நெற்றி வியர்வையைத் துடைத்தார். தொலைபேசி மீண்டும் அடித்தது.

"நீதான்டா ஓட்டுற" என்றார். பிறகு, வியாபாரிகள் சங்கம் முழுவதும் எதிரில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பதைப் போலக் குரலைத் தாழ்த்தி, "டி-ல" என்றார்.